‘டென்ஷன் ஆகாதீங்க’ என்றால் பிரஷர் குறையுமா?

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் கடைசியாக மூன்று விஷயங்கள் சொல்வார். “உப்பைக் குறைங்க, தினம் நடங்க, டென்ஷன் ஆகாதீங்க.” முதல் இரண்டும் ஓரளவுக்கு நம் கையில் இருக்கின்றன. மூன்றாவது? தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது, அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகும் என்று கடிதம் வந்திருக்கும்போது, சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் கத்தும்போது டென்ஷன் ஆகாமல் இருப்பது எப்படி என்று எந்த மருந்துச் சீட்டிலும் எழுதியிருக்காது.

ஆனால் மருத்துவர் சொல்வதில் தவறில்லை. டென்ஷன் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது இன்று நன்றாகவே தெரியும். அது யாருக்கு அதிகம் வருகிறது என்பதும் தெரியும். அதே ஆட்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கும் தாமதமாக வருகிறார்கள் என்பதுதான் நாம் அதிகம் பேசாத பகுதி.

லண்டனில் அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் தெருவுக்கு வொயிட்ஹால் என்று பெயர். 1967இல் அங்கே வேலை பார்த்த சுமார் 18,000 ஆண் ஊழியர்களைப் பரிசோதித்து, பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்தார்கள். மாரடைப்பு என்பது பெரிய பதவியில் இருப்பவர்களின் நோய் என்று அப்போது பரவலாக நம்பினார்கள். பொறுப்பு அதிகம், கவலை அதிகம், அதனால் இதயம் தாங்காது என்று. கணக்கெடுத்துப் பார்த்தால் நிலைமை நேர்மாறாக இருந்தது. 40 முதல் 64 வயது வரை உள்ளவர்களில், கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கடைநிலை என்றால் வாசல் காப்போர், கோப்பு சுமந்து போகும் ஆட்கள்.

இது ஏழை, பணக்காரர் என்ற இரண்டு பெட்டிக் கதையாகவும் இல்லை. ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க இறங்க இறப்பு கூடிக்கொண்டே போனது. உச்சிக்கு அடுத்த படியில், நல்ல சம்பளத்தில், கோட்டு சூட்டுடன் இருந்தவருக்கும் உச்சியில் இருந்தவரைவிட ஆபத்து அதிகம். இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. எல்லோருக்கும் அரசு வேலை. 1948 முதல் அந்த நாட்டில் மருத்துவமும் இலவசம். கீழ்ப்படிகளில் புகைப்பவர்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பகுதிக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

அந்த மீதியைத் தேடித்தான் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் தலைமையில் 1985இல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இந்த முறை பெண்களையும் சேர்த்து 10,308 பேர். வேலையைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள். எந்த வேலையை முதலில் செய்வது என்று நீங்கள் முடிவு செய்ய முடியுமா? எப்போது இடைவேளை எடுப்பது? இப்படிச் செய்தால் நல்லது என்று நீங்கள் சொன்னால் யாராவது கேட்பார்களா? தன் வேலையின் மேல் தனக்குப் பிடி இல்லை என்றவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது. அதிகாரிக்கு வேலைப் பளு அதிகம்தான், ஆனால் கோப்பை நாளைக்குத் தள்ளிவைக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. சரி, உடல்நலம் குன்றியவர்கள்தான் கீழ்ப்பதவியிலேயே தங்கிவிடுகிறார்களோ என்ற கேள்வி நியாயமானது. ஓரளவு அதுவும் இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து இத்தனை சீரான படிக்கட்டை விளக்க முடியாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் முதலில் நரம்பு வழியாகச் செய்தி போகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இரண்டாவது செய்தி மெதுவாக, ரத்தத்தின் வழியே போகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்ல, கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் அது உச்சத்துக்கு வர இருபது, முப்பது நிமிடம் ஆகும். கார்டிசால் கல்லீரலிடம் சர்க்கரையை உருவாக்கி ரத்தத்தில் விடச் சொல்லும், செல்கள் இன்சுலினுக்குக் கட்டுப்படுவதைக் குறைக்கும், எதிர்ப்புச் சக்தியின் சில வேலைகளை ஒத்திப்போடும்.

நாய் துரத்தினால் இது அற்புதமான ஏற்பாடு. நாய் போனதும் கார்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும். எல்லாம் பழைய நிலைக்கு வரும். ஆனால் துரத்துவது கடனாக இருந்தால் அது ராத்திரியும் போகாது. உடம்பு அவசரத்துக்கு வாங்கிய கைமாற்று, திருப்பிக் கட்ட வழியில்லாமல் கந்துவட்டியாக மாறிவிடுகிறது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்குகிறது. வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. ரத்தக் குழாய்ச் சுவர்கள் ஓயாத அழுத்தத்தில் கெட்டிப்படுகின்றன. காலையில் உயர்ந்து இரவில் இறங்க வேண்டிய கார்டிசால் பலருக்குச் சரியாக இறங்குவதில்லை. எதிர்ப்பு செல்கள் கார்டிசாலின் பேச்சைக் கேட்காமல் போவதால் அடங்க வேண்டிய அழற்சி அடங்காமல் புகைந்துகொண்டே இருக்கிறது. இப்படிச் சேரும் தேய்மானத்துக்கு 1990களில் புரூஸ் மெக்கெவன் என்ற நரம்பியலாளர் ஒரு பெயரே வைத்தார்: அலோஸ்டேடிக் சுமை.

இதெல்லாம் ஊகம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சோதனைகள். 1991இல் ஷெல்டன் கோஹன் குழுவினர் இங்கிலாந்தில் 394 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸ் கலந்த சொட்டு மருந்தை விட்டார்கள். முன்கூட்டியே அவர்களின் மன அழுத்தத்தை மதிப்பிட்டு வைத்திருந்தார்கள். அழுத்தம் குறைவாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. அதிகமாக இருந்தவர்களில் 47 சதவீதம். ஐந்து வகை வைரஸ்களில் எதை விட்டாலும் இதே போக்குதான். அதே குழு பிறகு செய்த ஆய்வு இன்னும் துல்லியமானது: ஒரு மாதத்துக்குள் முடிந்துபோகும் சிக்கல்கள் சளியைக் கூட்டவில்லை. மாதக்கணக்கில் இழுக்கும் வேலையின்மையும் தீராத குடும்பச் சண்டையும்தான் கூட்டின.

இரண்டாவது, பல் மருத்துவ மாணவர்கள் 11 பேர் மேல் அண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் போட்டுக்கொள்ள சம்மதித்தார்கள். ஒரு முறை கோடை விடுமுறையில், ஒரு முறை தேர்வுக்கு மூன்று நாள் முன்பு. தேர்வுச் சமயத்துக் காயம் ஆற 40 சதவீதம் அதிக காலம் பிடித்தது. ஒரே ஆள், ஒரே வாய். வெறும் பரீட்சைக்கே இப்படி.

இப்போது நம் ஊர்ப் பக்கம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. கரும்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் இதில் அழகு. கரும்புக்குப் பணம் வருஷத்துக்கு ஒரு முறைதான். வெட்டும் தேதியை விவசாயி முடிவு செய்வதில்லை, ஆலையின் வெட்டு உத்தரவு வர வேண்டும். அதனால் ஒரே ஊரில் ஒருவர் பணம் வாங்கி முடித்திருப்பார், பக்கத்து வயல்காரர் இன்னும் காத்திருப்பார். வெயில், திருவிழா, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் இருவருக்கும் ஒன்றே. வித்தியாசம் கையில் காசு இருக்கிறதா என்பது மட்டும்.

வெட்டுக்கு முன்பு 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பிறகு 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் முன்பு 99 சதவீதம், பிறகு 13. ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவையும் சோதனை வைத்தார்கள். ஒன்று, வரிசையாக இருக்கும் வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது. இன்னொன்று கேட்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும்: ‘5 5 5’ என்று காட்டி, எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்பார்கள். பதில் மூன்று. ‘ஐந்து’ என்று வாய் வரை வருவதை அடக்கிக்கொண்டு ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். வடிவச் சோதனையில் வெட்டுக்கு முன்பு சராசரியாக 4.35 சரியான விடை, பிறகு 5.45. எண் சோதனையிலும் முன்பு தாமதமும் தவறும் கூடுதல். இரண்டாவது தடவை என்பதால் பழகிவிட்டார்களோ என்ற சந்தேகத்துக்காக, 100 பேரை வெட்டுக்குப் பிறகு மட்டுமே முதல் தடவையாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். இதற்கு முன் செய்த சிறிய ஆய்வில், காத்திருக்கும் மாதங்களில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும்கூட உயர்ந்திருந்தன.

இந்த வகை ஆராய்ச்சியைப் பற்றி விவாதங்கள் உண்டு. அதே கட்டுரையில் இருந்த அமெரிக்க வணிக வளாகச் சோதனைகளின் புள்ளியியல் முறை கேள்விக்குள்ளானது. எனக்கு வயல்வெளிப் பகுதிதான் நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் அங்கே வறுமையும் வசதியும் ஒரே ஆளுக்குள் மாறி மாறி வருகின்றன.

இதை மாத்திரை விஷயத்துக்கு நீட்டிப் பார்க்கலாம். ரத்த அழுத்தம் வலிக்காது. மாத்திரை போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் உடனே ஒன்றும் தெரியாது. வலிக்காத நோய்க்குத் தினமும் மறக்காமல் மருந்து சாப்பிட மனதில் கொஞ்சம் காலி இடம் வேண்டும். நாளைக்கு யாரிடம் கைமாற்று கேட்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவரிடம் அந்த இடம் இருக்காது.

மறதியை விடுவோம், போய் வாங்குவதற்கே ஒரு விலை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான். ஆனால் நாற்று நடும் நாளில் ஒரு பெண் அங்கே போக வேண்டுமானால் அன்றைய கூலி போய்விடும். காலையில் ஓ.பி. சீட்டு, பிரஷர் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, மருத்துவர், பிறகு மருந்து வாங்கும் ஜன்னல். முடிந்து வெளியே வந்தால் வெயில் உச்சிக்கு வந்திருக்கும், நடவு ஆட்கள் பாதி வயலைத் தாண்டியிருப்பார்கள். முப்பது நாள் மாத்திரைக்கு இப்படி மாதம் ஒரு நாள். அதனால் என்ன செய்வார்கள்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, முப்பதை அறுபதாக்குவார்கள். அப்புறம் போகும்போது பிரஷர் ஏறியிருக்கும். “ஒழுங்கா மாத்திரை சாப்பிடறதில்லையாம்மா?” என்று அதட்டல் விழும். அடுத்த மாதம் அதற்குப் பயந்தே போகமாட்டார்கள். நோயைக் கூட்டும் அதே நிலைமைதான் மருத்துவத்தையும் தள்ளி வைக்கிறது.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டின் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வேலை பார்த்தார். நல்ல மருத்துவம் தேவை அதிகமான இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதினார், அதற்கு ‘தலைகீழ் கவனிப்பு விதி’ என்று பெயரும் வைத்தார். எழுதியதோடு நிற்கவில்லை. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் கிராமத்தில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்.

தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயில் 10.8 சதவீதம். ஊருக்கு ஊர் சுகாதார நிலையம் வைத்திருக்கும் மாநிலத்தில் இந்த நிலை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஹார்ட் போன வழியில்தான் போகிறது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் பிரஷர் கருவியோடு வீடு வீடாகப் போகிறார்கள், மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதட்டலும் இல்லை, கூலியும் போகவில்லை. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. அவர்களுடைய பிரஷரை யார் பார்க்கிறார்கள் என்று வொயிட்ஹால்காரர்கள் கேட்டிருப்பார்கள்.

ஆனால் வாசலில் வரும் மாத்திரை பிரஷரை இறக்கும், அதை ஏற்றிய கடனை இறக்காது. காசு கொடுத்தால் கார்டிசால் குறையுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். மெக்சிகோவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுத்த திட்டத்தில் இருந்த சின்னக் குழந்தைகளின் உமிழ்நீரில் கார்டிசால் குறைவாக இருந்தது, குறிப்பாகத் தாய் மனச்சோர்வில் இருந்த வீடுகளில். கென்யாவில் பெரியவர்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தபோது மனநிறைவு கூடியது, சராசரி கார்டிசால் அசையவில்லை. எவ்வளவு, எப்போது, யார் கையில் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இதில் ‘எப்போது’ என்பது கரும்புக்காரர்களுக்குப் பழைய விஷயம். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கைக்கு வந்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. நிலுவைக்காக விவசாயிகள் போராடும் செய்தி ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. ஆலையில் பட்டுவாடா தேதிகள் இருக்கின்றன, அதே ஊர் சுகாதார நிலையத்தில் பிரஷர் பதிவேடு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு முதுகலை மாணவர் போதும்.