காளைக்குத் துண்டு போட்ட கணக்கர்: மோசடி மின்னஞ்சலுக்குக் குசும்பாகப் பதில் எழுதலாமா?

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில், திருப்பூரில் என் பராமரிப்பில் இருக்கும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்கர், ஆப்பிரிக்க நாடொன்றின் மறைந்த படைத்தளபதியின் மனைவியோடு காளை வியாபாரம் பேசத் தொடங்கினார். கணவர் விட்டுச்சென்ற 1.25 கோடி டாலரை வெளிநாட்டுக்கு மாற்ற நம்பிக்கையான ஒருவரைத் தேடுவதாகவும், உதவுபவருக்கு 30 விழுக்காடு பங்கு உண்டு என்றும் அந்த அம்மையார் எழுதியிருந்தார். நம் கணக்கர் அந்தியூர்ப் பக்கத்துக்காரர். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு ஆண்டு தவறாமல் போய்வருபவர். தமக்கு டாலரில் நம்பிக்கை இல்லை என்றும், பங்கைக் காங்கேயம் காளைகளாகவே பெற்றுக்கொள்வதாகவும், அத்தனையும் மயிலையாக (சாம்பல் நிறம்), இரண்டு பல் போட்டவையாக இருக்க வேண்டும் என்றும், இடையில் ஒரு காரி (கறுப்புக் காளை) கலந்தாலும் பேச்சு முறிந்தது என்றும் மிகுந்த பணிவோடு பதில் அனுப்பினார். மறுநாளே அம்மையாரின் வழக்கறிஞர் எழுதினார். காளைகளுக்கு ஆட்சேபணை இல்லையாம்; கால்நடை ஏற்றுமதி உரிமத்துக்கு மட்டும் முன்கூட்டியே 850 டாலர் கட்ட வேண்டுமாம்.

“அண்ணா, அந்தம்மா காளைக்கு ஒத்துக்கிச்சுங்க” என்று கணக்கர் அந்தக் கடிதங்களைக் காட்டியபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மின்னஞ்சல் சேவையகங்களைக் காப்பதையே பத்தொன்பது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட நான் அப்போது சிரித்திருக்கக் கூடாது. அவர் எந்த முகவரியிலிருந்து எழுதினார் என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வகை மோசடிக்கு வயது அதிகம். ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஒரு செல்வந்தர் அடைபட்டிருக்கிறார், அவரை மீட்கப் பணம் கொடுத்தால் புதையலில் பங்கு கிடைக்கும் என்ற கடிதங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தபாலில் வந்தன. மின்னஞ்சல் காலத்தில் இதற்கு ‘419’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பொய் சொல்லிப் பொருளைப் பறிப்பதற்கான நைஜீரியக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண் அது. நம் ஊரில் ஏமாற்றுக்காரரை ‘ஃபோர் ட்வென்டி’ என்போம். இந்திய தண்டனைச் சட்டத்தில் அதே குற்றத்தின் எண் 420. இரண்டு நாட்டுச் சட்டங்களிலும் அது அடுத்தடுத்த எண்களில் நின்றது தற்செயல்தான். 2024 ஜூலை 1 முதல் இங்கே அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவாகிவிட்டது. மக்கள் வாயில் மட்டும் 420 மாறவில்லை. ஈமு கோழிப் பண்ணைகளில் பணத்தைப் போட்டுவிட்டு 2012-இல் பெருந்துறையில் திரண்டு நின்றவர்களும், அரிசியை இழுக்கும் செம்புக் கலசத்துக்கு முன்பணம் கொடுத்தவர்களும் நம் கொங்குநாட்டார்தான் என்பதால், ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை. ஏமாற்ற வந்தவனைப் பார்த்துச் சிரிக்கலாமா என்பதைத்தான் நான் இங்கே பேசுகிறேன்.

சிரிக்கலாம் என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. இவ்வளவு பெரிய பொய்யை ஏன் இவ்வளவு அசட்டுத்தனமாக எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கு, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரையில் விடை சொன்னார். கடிதம் அனுப்புவதற்குச் செலவே இல்லை; பதில் எழுதுபவரோடு நாள்கணக்கில் பேசிப் பணம் கறப்பதற்குத்தான் உழைப்பு தேவை. ஆகவே விவரமானவர்கள் முதல் வரியிலேயே ஒதுங்கிப்போய், எளிதில் நம்புபவர்கள் மட்டும் பதில் எழுதும்படி கடிதத்தை அசட்டுத்தனமாக எழுதுவது மோசடிக்காரருக்கு லாபம். சல்லடையில் சலிப்பதைப் போன்றது இது. நம்பாத ஒருவர் நம்புவதுபோல நடித்துப் பதில் எழுதினால் அந்தச் சல்லடை ஓட்டையாகிவிடும். காளையின் பல்லைப் பற்றி அந்த ‘வழக்கறிஞர்’ யோசித்த நேரம், அவர் வேறொரு பெரியவரின் சேமிப்பைக் கறக்கச் செலவிட்டிருக்கக்கூடிய நேரம்.

இதை இயந்திரத்தைக் கொண்டே செய்து காட்டியவர்களும் உண்டு. நியூசிலாந்தின் இணையப் பாதுகாப்பு அமைப்பான நெட்சேஃப் 2017-இல் ‘ரீ:ஸ்காம்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. மக்கள் தமக்கு வந்த மோசடிக் கடிதத்தை அங்கே திருப்பி அனுப்பினால், ஒரு மென்பொருள் பலவிதமான மனிதர்களாக நடித்து மோசடிக்காரரோடு ஓயாமல் பேசும். பிரிட்டனில் ஓ-டூ தொலைபேசி நிறுவனம் 2024 நவம்பரில் ‘டெய்ஸி’ என்ற செயற்கை நுண்ணறிவுப் பாட்டியை அறிமுகப்படுத்தியது. மோசடி அழைப்புகளை எடுத்துத் தம் குடும்பத்தைப் பற்றியும் பின்னல் வேலையைப் பற்றியும் முடிவில்லாமல் கதையளப்பதுதான் அந்தப் பாட்டியின் பணி. பின்னல் என்ற சொல் வந்ததால் திருப்பூர்க்காரனான எனக்கு அந்தப் பாட்டிமேல் தனிப் பாசம். இவ்விரண்டிலும் நான் மதிப்பது நகைச்சுவையைவிட அமைப்பு முறையைத்தான். ஏனெனில் மோசடிக்காரரின் எதிரில் உண்மையான முகவரியோ பெயரோ தொழிலோ உள்ள மனிதர் யாரும் இல்லை.

எங்கள் கணக்கர் விஷயத்தில் அப்படி ஒரு மனிதர் இருந்தார். அவர் எழுதியது அலுவலக முகவரியிலிருந்து. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவருடைய பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண், நிறுவனத்தின் சின்னம் ஆகியவை தாமாகவே போய்ச் சேர்ந்தன. மூன்று வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள் காலையில் நிறுவனத்தின் முதலாளி என்னை அழைத்தார். “ஏனுங் தம்பி, நம்ம கணக்கர் எதுக்குங்க ஜெர்மனிக்காரங்களுக்கு லெட்டர் போடோணும்?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வெளிநாட்டு பையர்களோடு, அதாவது சரக்கு வாங்குபவர்களோடு, பேசுவது ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் மட்டுமே. கணக்கரின் பெயரே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த பையருக்குப் போன கடிதத்தில் கணக்கரின் கையொப்பமும் சின்னமும் அச்சு அசலாக இருந்தன. எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருப்பதால் அடுத்த ஷிப்மென்டுக்கான தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பும்படி எழுதியிருந்தது. அனுப்புநர் முகவரியில் நிறுவனத்தின் பெயரிலிருந்த ‘எம்’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் அருகருகே வைத்திருந்தார்கள். உருப்பெருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும். பையர் சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் கேட்டதால் பணம் தப்பியது. காளைக் கடிதங்கள்தான் காரணம் என்று என்னால் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்தக் கையொப்பம் கணக்கர் எழுதிய வெளிக்கடிதங்களைத் தவிர வேறெங்கும் போனதில்லை என்பதைப் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்தேன்.

ஆக, சிரித்தவர் கணக்கர். அதற்கான விலையைக் கொடுக்கவிருந்தவர் முதலாளியும், முகம் தெரியாத ஒரு ஜெர்மானியரும். இந்தக் குசும்புக்கான செலவை யார் ஏற்கிறார் என்பதே அன்றுமுதல் என் முதல் கேள்வியாக இருக்கிறது. மோசடிக் கடிதம் பல சமயங்களில் எவரோ ஒரு அப்பாவியின் களவாடப்பட்ட அஞ்சல் பெட்டியிலிருந்து வருகிறது. அனுப்புநர் முகவரி ஒன்றாகவும் பதில் போய்ச் சேரும் முகவரி வேறொன்றாகவும் இருக்கும். இதைக் கவனிக்காமல் எழுதும் கிண்டல், ஏற்கெனவே பாதிக்கப்பட்டவரின் தலையிலேயே விழலாம். விளையாட்டாக வாயில் வந்த ஒரு கணக்கு எண்ணைக் கொடுப்பதும் அப்படித்தான். அந்த எண் ஊத்துக்குளியில் யாரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்காக இருக்கக்கூடும். பதிலுக்கு வைரஸ் அனுப்புகிறேன், அவன் கணினிக்குள் நுழைகிறேன் என்று கிளம்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ பெறத்தக்க குற்றம். அந்தப் பக்கம் இருப்பவர் மோசடிக்காரராக இருந்தாலும் இது பொருந்தும்.

இன்னொரு பக்கமும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 2000-களில் மேலைநாடுகளில் இந்தப் பொழுதுபோக்கு பரவியபோது, மோசடிக்காரர்களைக் கேவலமான வாசகம் எழுதிய பலகையைப் பிடித்து நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பச் செய்து, அதை வெற்றிக் கோப்பைபோல் காட்டி மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள். மரியாதையாக ‘ங்க’ போட்டுக்கொண்டே ஆளைக் கவிழ்ப்பதைக் கோயம்புத்தூர்க் குசும்பு என்கிறோம். அந்தப் படங்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. மேலும், எதிரில் இருப்பவர் தம் விருப்பத்தின் பேரில்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி செய்யும்படி அடைத்துவைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. 2022-இல் மியான்மரின் மியாவடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். படைத்தளபதியின் விதவை அங்கிருந்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆட்களை அடைத்துவைக்கும் அந்த வளாகங்களின் வேலை பெரும்பாலும் அரட்டைச் செயலிகளில் நடப்பது. ஆனால் ‘ஹாய்’ என்று வரும் செய்திக்குக் கிண்டலாகப் பதில் எழுதத் துடிக்கும்போது, அன்றைய இலக்கை எட்டாவிட்டால் அடிவாங்கப்போகும் ஒரு பையன் அங்கே இருக்கக்கூடும் என்ற எண்ணம் என் விரலைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த நிறுவனத்தில் இப்போது வெளிக்கடிதங்களுக்குத் தனிக் கையொப்பம் வைத்திருக்கிறோம். வங்கிக் கணக்கு மாற்றம் என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முன்பே பதிவில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் பணம் நகராது. ஸ்பேமை ஸ்பேம் என்று குறித்துவிட்டு நகர்வதே எங்கள் பழக்கம். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தடுக்க அதுவே வழி.

கணக்கர் காளை வியாபாரத்தை நிறுத்திவிட்டார். நிறுத்துவதற்கு முன் அவர் எழுதியிருந்த கடைசிக் கடிதத்தை, சான்றாக எடுத்துவைத்த கோப்பில்தான் படித்தேன்: எங்கள் ஊரில் காளைக்கு விலையை வாயால் சொல்வதில்லை, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம், ஆகையால் அம்மையார் நேரில் வந்தாக வேண்டும். அதற்கு வழக்கறிஞரின் பதில் நாங்கள் எல்லாவற்றையும் மூடிய பிறகு வந்து சேர்ந்தது. அம்மையாரால் பயணம் செய்ய இயலாதாம். அவருடைய துண்டைக் கூரியரில் அனுப்பிவைக்கிறார்களாம், கட்டணம் 450 டாலராம். நாங்கள் அதற்குப் பதில் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது எளிதாக இருக்கவுமில்லை.