கிளஸ்டர், கொத்தணி, கொத்து

கிளஸ்டர் என்ற சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு. 2020 மே மாதம் சென்னையில் எல்லார் வாயிலும் புழங்கியது 'கோயம்பேடு கிளஸ்டர்'. மார்க்கெட்டுக்குப் போய் வந்தவர்களோடு ஊர் ஊராகப் போன தொற்றுக்கு அந்தப் பெயர். அதே ஆண்டு அக்டோபரில் இலங்கையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்தபோது, அங்குள்ளவர்கள் 'மினுவாங்கொடை கொத்தணி', 'பேலியகொடை கொத்தணி' என்று தயங்காமல் எழுதினார்கள். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களைச் சேர்த்து ஏற்கெனவே 'கொத்தணி' என்று அழைத்தவர்கள்.

கிளஸ்டர் பழைய ஆங்கிலச் சொல். திராட்சை போல நெருங்கித் தொங்குவதைக் குறிக்கப் பிறந்தது. நம் கொத்தும் அதுவேதான்: பூங்கொத்து, சாவிக்கொத்து. குடும்பத்தோடு அடிமைப்பட்டால் கொத்தடிமை.

நோய்க்கொத்து என்றால் ஒரே இடத்தில் பலருக்கு வருவது. ஆனால் பொதுச் சுகாதாரக்காரர்கள் இன்னொரு கொத்தையும் பேசுகிறார்கள்: ஒரே ஆளிடம் பல கெட்ட பழக்கங்கள். புகை, மது, கண்டதைத் தின்பது, உடம்பை அசைக்காமல் இருப்பது என நான்கை வழக்கமாக எண்ணுவார்கள். இரண்டு பழக்கம் இருந்துவிட்டாலே கொத்தாகிவிடாது. பேச்சுக்கு, 100 பேரில் 30 பேர் புகைக்கிறார்கள், 40 பேர் குடிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையென்றால் இரண்டும் உள்ளவர்கள் 12 பேர்தான் தேற வேண்டும். எண்ணிப் பார்த்தால் 22 பேர் இருக்கிறார்களா? அதுதான் கொத்து.

கொரோனா காலத்தில் இதை டீக்கடையில் நின்றே பார்க்கலாம். மாஸ்க் தாடைக்கு இறங்கியிருக்கும். ஒரு கையில் டீ, மறு கையில் சிகரெட். பக்கத்து ஆளோடு தோள் உரசும். மாஸ்க்கை இறக்கச் சொன்னது சிகரெட். சிகரெட்டைக் கேட்டது டீ. ஒன்று மற்றதைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். வீட்டிலிருந்தே வேலை பார்த்த என் எதிர்வீட்டுத் தம்பி, ராத்திரி இரண்டு மணிக்கு மீட்டிங் முடித்து மொட்டைமாடிக்கு வருவான். சிகரெட், ஒரு சிப்ஸ் பாக்கெட், மறுநாள் பதினோரு மணிக்கு எழுந்திருப்பது. காலை நடை அதோடு போச்சு. தனித்தனியாக நாலு தப்பு என்று அவனைத் திட்டுவதில் அர்த்தமில்லை. தூக்கம் கெட்டதுதான் இந்தக் கொத்தைச் சேர்த்துப் பிடிக்கும் காம்பு.

கொத்து என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வது இதனால்தான். குழு, கூட்டம், கும்பல், தொகுப்பு எதிலும் காம்பு இல்லை. கொத்து என்றதும் காம்பு எங்கே என்று கேட்கத் தோன்றும். ஊரடங்கில் அது வேலை போனதாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், நாளெல்லாம் ஒரே அறையில் கிடந்ததாக இருக்கலாம். ஒரு பழத்தை மட்டும் கிள்ளினால் காம்பு அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை மூடிய மதுக்கடைகள் சென்னைக்கு வெளியே மே 7 அன்று திறந்தபோது நின்ற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

குலை என்றும் சொல்லலாமே என்பார்கள். வாழைக்குலைக்குச் சரி, ஆனால் 'பழக்கக் குலை' என்றால் பழக்கம் குலைந்துபோனதாகக் காதில் விழும். கொத்தணியும் நல்ல சொல்தான். தொற்றுக்கு அதை வைத்துக்கொண்டு, பழக்கத்துக்கு 'இடர்ப்பழக்கக் கொத்து' என்பது என் தேர்வு.

வினைச்சொல்தான் தகராறு. பழக்கங்கள் 'கொத்துகின்றன' என்று எழுதினால் கோழி வந்து நிற்கும், இல்லாவிட்டால் பாம்பு. 'கொத்துச் சேர்கின்றன' என்று எழுதிப் பார்த்தேன். இப்போதைக்கு ஒப்புகிறது.