டங் ஸ்லிப்புக்குத் தமிழில் என்ன?

"சாரி, டங் ஸ்லிப் ஆயிடுச்சு." டிவி விவாதத்திலும் ஆபீஸ் மீட்டிங்கிலும் அடிக்கடி காதில் விழும் சமாளிப்பு. ஆங்கிலத்தில் இது ‘ஸ்லிப் ஆஃப் தி டங்’. நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று என்பது பொருள். தெரிந்தே சொன்ன பொய்க்கு இது பொருந்தாது. லத்தீனில் ‘லாப்சஸ் லிங்குவே’ என்பார்கள். லாப்சஸ் என்றால் வழுக்கல், லிங்குவே என்றால் நாவினுடைய.

சில நேரம் எழுத்து மட்டும் இடம் மாறும். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த சித்தப்பா ஒருமுறை, "அந்த காம்பார் சரண்டிய எடுடா" என்றார். இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரையேறிவிட்டது. 1903 முதல் 1924 வரை ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜின் தலைவராக இருந்த வில்லியம் ஸ்பூனர் இதற்குப் பேர்போனவர். அவர் பெயராலேயே இதை ‘ஸ்பூனரிசம்’ என்கிறார்கள். (அவர் சொன்னதாக உலவுவதில் பெரும்பாலானவை மற்றவர்கள் இட்டுக்கட்டியவை, பாவம்.) நம் தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் இதே ஜாதிதான், இலக்கணம் ‘எழுத்து நிலைமாறுதல்’ என்று சொல்லி ஏற்றுக்கொண்டது.

சில நேரம் சொல்லே தலைகீழாகும். ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்து, கூட்டம் முடிந்ததாக அறிவித்தார். மொழியியலாளர் மெரிங்கர் குறித்துவைத்த சம்பவம் இது. ‘சீக்கிரம் முடிந்தால் தேவலை’ என்ற உள்மனசுதான் வெளியே வந்தது என்றார் உளவியல் அறிஞர் ஃப்ராய்டு. நம் ஊர்க் கதையில் பழி மனசின்மேல் விழவில்லை. நித்தியத்துவம் (சாகாவரம்) கேட்கப்போன கும்பகர்ணன் நித்திரத்துவம் (தூக்கம்) கேட்டதற்குக் காரணம், நாவில் வந்து உட்கார்ந்த சரசுவதி.

சரி, தமிழில் என்ன சொல்வது? குறளில் ‘சொல்லிழுக்கு’ இருக்கிறது (127). இழுக்குதல் என்றால் வழுக்குதல்தான். 415ஆம் குறளில் ‘இழுக்கல்’ வழுக்கு நிலம். ஆனால் சொல்லிழுக்கு நாவடக்கம் இல்லாதவன் பேசும் குற்றம். இங்கே கனம் அதிகம். ‘நாக்குழறல்’ போதையிலோ பயத்திலோ பேச்சு தெளியாமல் போவது. சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘நாத்தவறு’ என்றால் வம்பு. நாக்குத் தவறியவன் என்று நாம் சொல்வது வாக்குக் கொடுத்து ஏமாற்றியவனை.

பாட்டி சொல்லும் ‘வாய் தவறி வந்துடுச்சு’ அச்சாகப் பொருந்துகிறது. பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் ‘வாய்தவறல்’. எழுதும்போது நேர்ந்தால் அது கைப்பிசகு.