காந்த வளைய நினைவகம்

காந்த நினைவகம் என்பது பொதுப்பெயர். காந்தமாக்கிய திசையை வைத்து 0, 1 என்று தகவலைத் தேக்கும் எல்லாமே இதில் வரும். இரும்பால் விரும்பப்படுவது என்று பொருள்படும் 'அயஸ்காந்தம்' என்ற வடமொழிச் சொல்லின் பின்பாதிதான் நம் காந்தம். நினைவகம், நினைவு தங்கும் அகம். நூலகம் மாதிரி எளிதாகப் புரிகிற நல்ல ஆக்கம்.

சிக்கல், இதில் ஒரு வகையான, பழைய கணினிகளில் இருந்த 'கோர் மெமரி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான். கோர் என்றால் நடுப்பகுதி என்று எடுத்துக்கொண்டு 'உள்ளக நினைவகம்' என்று எழுதினால், கணினிக்கு உள்ளே இருக்கும் நினைவகம் என்றே படிப்பவர் நினைப்பார். மின்மாற்றியில் கம்பி சுற்றும் காந்தப்பொருளுக்குக் கோர் என்று பெயர். அந்த வழக்கே இங்கும் வந்தது. இங்கே அது ஃபெர்ரைட் என்ற பொருளால் ஆன குட்டி வளையம். அதனால் 'காந்த வளைய நினைவகம்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு வளையம் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒரு துணுக்குத் தகவல். வலம் சுற்றிய காந்தப்புலம் 1 என்றால், இடம் சுற்றியது 0. வளையங்களை வரிசையாக அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கோப்பார்கள். ஒவ்வொரு கம்பியிலும் தேவையான மின்னோட்டத்தில் பாதிதான் போகும். இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் திசை மாறும். எவ்வளவு அழகான ஏற்பாடு! படிப்பதற்கு வளையத்தை 0-க்குத் தள்ளிப் பார்ப்பார்கள். அது 1-ஆக இருந்திருந்தால், புரளும்போது அதை உணர்வதற்கென்றே கோத்த உணர்கம்பியில் ஒரு மின்துடிப்பு எழும். ஆனால் படித்ததுமே தகவல் அழிந்துவிடும் என்பதால் உடனே திரும்ப எழுத வேண்டும். மின்சாரம் நின்றாலும் பதிவு போகாது. கம்பி கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதுவும் கையாலேயே.

படித்ததைத் திரும்ப எழுதும் முறைக்கு ஆன் வாங் என்ற பொறியாளர் 1949-இல் காப்புரிமை கோரினார். ஜே ஃபாரஸ்டர் குழு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் வேர்ல்விண்ட் கணினியில் 1953-இல் வளைய நினைவகத்தைப் பொருத்தியது. 1970-களில் சிலிக்கான் சில்லுகள் அதன் இடத்தைப் பிடித்தன.

காந்த உருளை, காந்த நாடா, காந்த வட்டு ஆகியவற்றில் வளையம் இல்லை. மேற்பூச்சின் சின்னஞ்சிறு பகுதிகள் காந்தமாகும், படிக்கும் கருவியின் முனை (ஹெட்) அவற்றைப் படிக்கும். வன்வட்டு இன்றும் இப்படித்தான் இயங்குகிறது.

அப்புறம், நிரல் முறிந்து விழும்போது நினைவகத்தில் இருந்ததை யூனிக்ஸ் இயங்குதளம் நகலெடுத்து எழுதிவைக்கும் 'கோர்' கோப்பு இருக்கிறதே, அந்தப் பெயரும் வளையக் காலத்து மிச்சம்தான். அங்கே வளையம் என்று எழுதக்கூடாது. 'நினைவகப் படி' என்பதே பொருந்தும்.