சிங்கராஜாவில் கொண்டுபோய் விட்டால் போதுமா?

இந்த மாதமும் ஒன்று வந்தது. பிலியந்தலைப் பக்கம் மின்கம்பியில் அடிபட்ட மந்தி. அரிசிச் சாக்கில் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வந்த பிள்ளைகள் நல்ல மனதுக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாக்கை அவிழ்க்கும் முன்பே வழக்கமான கேள்வி வந்துவிட்டது: "டொக்டர், காயம் ஆறினதும் சிங்கராஜாக் காட்டில கொண்டுபோய் விட்டிடலாம்தானே?"

நான் கொழும்பில் மிருக வைத்தியர். அன்றாடம் பார்ப்பது நாயும் பூனையும்தான். காட்டு விலங்கு வந்தால் முதலுதவி செய்து வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைப்பதோடு என் வேலை முடிகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்த மந்தி வழி தவறி ஊருக்குள் வந்ததல்ல. நாங்கள் 'கலு வந்துரா' என்று சிங்களத்திலேயே சொல்லிப் பழகிவிட்ட ஊதாமுக மந்தி இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதிலும் கொழும்பைச் சுற்றி இருப்பது மேற்குக் கரை ஈரவலயத்துக்கு மட்டுமே உரிய துணையினம். உலகில் மிக அதிகமாக ஆபத்துக்குள்ளான 25 குரங்கினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இறப்பருக்கும் தென்னைக்கும் பிறகு வீடுகளுக்கும் என்று அதன் காடு எப்போதோ போய்விட்டது. அதற்கு மிஞ்சியவை உங்கள் வளவில் நிற்கும் பலாவும் மாவும் கித்துளும்தான். அது தன் இடத்திலேயே இருக்கிறது. அதன் நடுவே மதில் கட்டியது நாங்கள்.

சரி, சிங்கராஜாவுக்கு வருவோம். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு 9,000 ஹெக்டேயருக்கும் குறைவு. அங்கேயும் ஊதாமுக மந்தி உண்டு. ஆனால் அது வேறு துணையினம். களு கங்கைக்கு வடக்கே ஒன்று, தெற்கே இன்னொன்று. மலைநாட்டில் மூன்றாவது, வறண்ட வலயத்தில் நான்காவது. இந்த நான்கும் பிரிந்து வரக் காலம் எவ்வளவோ எடுத்திருக்கும். அதை நீங்கள் ஒரு வான் பிடித்து ஒரே பகலில் கலைத்துவிடுகிறேன் என்கிறீர்கள்.

அதைவிடப் பெரிய பிழை, காடு என்றால் காலியாகக் கிடக்கும் இடம் என்று நினைப்பது. அங்கே ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதனதன் எல்லை இருக்கிறது. கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கடுவன். வெளியிலிருந்து வரும் கடுவனை அது கடித்துத் துரத்தும். எந்த மரம் எப்போது துளிர்க்கும், எந்த இலை தின்னலாம், எது கூடாது என்பதெல்லாம் தாயோடு திரிந்து கற்றுக்கொண்டவை. மாங்கொழுந்தும் பலாவும் தின்று வளர்ந்ததை மழைக்காட்டில் விட்டால் சாப்பாடு தேடத் தெரியாது. போதாததற்கு மனிதரிடமும் வீட்டு நாயிடமும் ஒட்டிக்கொண்ட நோய்களையும் அது கூடவே கொண்டுபோகும். விட்டுவிட்டு வந்தவர் படம் எடுத்துப் போட்டு நிம்மதியாகத் தூங்குவார். அடுத்த வாரம் அது உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பார்த்தவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

தேவாங்குக்கும் இதே கதைதான். கொழும்புப் பக்கம் பிடிபடும் செந்தேவாங்கு ஈரவலயத்துக்கு உரியது. "வில்பத்துவில விடுறம்" என்று புறப்படுகிறீர்கள். அது வறண்ட வலயம், அங்கே இருப்பது சாம்பல் தேவாங்கு. அது வேறு இனம், அந்தக் காடும் வேறு.

காடு போனால் அதில் வாழ்பவை போகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இது தீவு என்பது அடிக்கடி மறந்துபோகிறது. கண்டத்தில் ஒரு காடு அழிந்தால் பக்கத்துக் காட்டில் அதே இனம் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். இங்கே தென்மேற்கு ஈரவலய மூலையில் இல்லையென்றால் உலகிலேயே இல்லை. எங்கள் தவளைகளைப் பாருங்கள். உலகில் முற்றாக அழிந்துவிட்டதாகப் பட்டியலிடப்பட்ட நீர்நில வாழ் இனங்களில் ஏறத்தாழப் பாதி இலங்கையைச் சேர்ந்தவை. தேயிலைக்காகவும் கோப்பிக்காகவும் மலைக்காடு மொட்டையடிக்கப்பட்டபோது அவை போயின. அவற்றை எங்கே கொண்டுபோய் விட்டிருப்பீர்கள்?

"வெட்டினதுக்குப் பதிலாக் கன்று நட்டிட்டம்" என்பவர்களுக்கு ஒரு சொல். கன்று நடுங்கள், நல்லது. ஆனால் முழங்கால் உயரக் கன்றில் மந்தி தாவ முடியாது. அது வளரும்வரை கரண்ட் கம்பியில்தான் தாவும்.

மின்சாரக் காயம் ஏமாற்றும். முதல் நாள் உள்ளங்கையில் ஒரு சின்னக் கருகல், காலில் இன்னொன்று, மயிர் பொசுங்கிய மணம், அவ்வளவுதான். இலை நீட்டினால் வாங்கிக்கூடத் தின்னும். மூன்றாம் நான்காம் நாளில் விரல்கள் குளிர்ந்து கறுக்கும், பிறகு மணிக்கட்டு, சில வேளை முழங்கை வரை. மின்சாரம் உள்ளே ஓடிய வழியெல்லாம் நரம்பும் சதையும் செத்திருக்கும். கையை வெட்டித்தான் உயிரைக் காப்பாற்ற முடியும். ஒற்றைக் கை மந்தி காட்டில் பிழைப்பது மிகக் கடினம். பிலியந்தலையிலிருந்து வந்தது ஐந்தாம் நாள் செத்துப்போனது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. அடிபட்ட விலங்கைக் கண்டால் 1992க்கு அழையுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் அது. அவர்கள் வரும்வரை துவாயால் மூடி, காற்றுப் போக ஓட்டையிட்ட பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். சாக்கு வேண்டாம், மூச்சு முட்டும். கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தால் தொடவே தொடாதீர்கள், மின்சாரம் வழங்குபவர்களுக்குச் சொல்லுங்கள். பால்மா கரைத்துப் பருக்காதீர்கள். மாரி பிஸ்கட், பாண், வாழைப்பழம் ஒன்றும் வேண்டாம். மந்தியின் வயிறு இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் வயிறு, மாவும் சீனியும் போனால் ஊதிப்போகும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னிடம் வராதீர்கள், என்னிடம் மனிதருக்கான விசர்நோய் ஊசி இல்லை.

தலங்கம, பத்தரமுல்லைச் சதுப்புப் பக்கம் புள்ளி போட்ட குட்டிகளைக் கண்டு "புலிக்குட்டி" என்று தூக்கிவருகிறார்கள். அனேகமாக அவை மீன்பிடிப் பூனைக் குட்டிகள். தாய் இரை தேடப் போயிருக்கும். குட்டிக்குக் காயமில்லை என்றால் தயவுசெய்து அங்கேயே விட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள், நாயைக் கட்டி வையுங்கள். காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிட்டுக் கொண்டுவருபவர்களும் உண்டு. பனடோல் பூனைக்கு விஷம். மீன்பிடிப் பூனையும் பூனைதான்.

காணி வாங்கியதும் மெஷின் விட்டு ஒரே நாளில் வெளியாக்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லையோர மரங்களையாவது விட்டுவையுங்கள். பக்கத்து வளவு மரத்தின் கிளையோடு உங்கள் மரத்தின் கிளை தொட்டுக்கொண்டிருந்தால் மந்திக்கு அது போதும், கம்பிக்கு வராது. கிளை கம்பியில் முட்டுகிறது என்றால் அந்தக் கிளையை மட்டும் வெட்டுவியுங்கள், வெறும் கம்பிக்குப் பதிலாக உறையிட்ட கம்பி போடச் சொல்லி ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுங்கள். பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மரம் வெட்டும் பாஸிடம் காசைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் விழுத்துவதற்கு முன், பிரதேச செயலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.