நாய் நன்றாக இருக்கும்போதே தரையில் உட்காருங்கள்

இறந்துபோன நாயை வரைந்து தரச் சொல்லி வருவது இந்த மாதம் இது மூன்றாவது. தண்டையார்பேட்டை அண்ணன் ஒருவர் வந்தார். 11 வருஷம் வளர்த்த மணி போய் நாலு நாள் ஆகிறது. "16ஆம் நாளுக்குள் படம் கிடைக்குமா தம்பி?" என்று போனை நீட்டினார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ பொங்கலுக்குப் போட்ட போட்டோ. ஆறு பேர் சிரிக்கிறார்கள். காலடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மணி. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பச்சை பல்பு.

ராயபுரத்தில் 18 வருஷமாக ஆயில் பெயின்டிங் செய்கிறேன். ரேஷன் கார்டு போட்டோவை வைத்துத் தாத்தா பாட்டிகளை வரைந்த கை இது. மூக்கு கொஞ்சம் பிசகினாலும், 'வயசான காலத்தில் அப்படித்தான் இருந்தார்' என்று வீட்டார் சமாதானம் ஆகிவிடுவார்கள். நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. தினமும் தடவிக்கொடுத்த முகமாச்சே.

போட்டோ சரியில்லை என்றால் உடனே ஒரு பதில் வரும்: "ஆப்பில் போட்டுத் தெளிவாக்கி அனுப்புகிறேன்." கேட்டாலே பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடத் தோன்றும். போட்டோவில் இல்லாத கண் ஆப்புக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? எத்தனையோ வேறு நாய்களின் படங்களைப் பார்த்துப் பழகியது அது. 'இங்கே கண் இப்படி இருக்கலாம்' என்று தானே ஒன்றை வைத்துவிடும். பளபளவென்று இருக்கும், சரி. ஆனால் அது ஊரான் வீட்டு நாயின் கண். போன வருஷம் நானும் ஏமாந்தேன். பெரம்பூர் வீடு ஒன்றிலிருந்து அப்படி வந்த படத்தை நம்பி மூன்று வாரம் உழைத்தேன். துணியை விலக்கியதும் அந்த வீட்டுச் சின்னப் பெண், "காதில் கடிபட்ட இடம் எங்கே அங்கிள்?" என்றாள். இடது காது நுனியில் அரிசி அளவு பிளவாம். ஆப் அதை ஒட்டுப்போட்டு மூடியிருந்தது. தாடை நரைக்கும் டை அடித்திருந்தது.

அதனால் நாய் நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள். நின்றபடி எடுத்தால் தலை பூசணிக்காய், கால் தீக்குச்சி. தரையில் உட்காருங்கள், லுங்கியைத் துவைத்துக்கொள்ளலாம். கிட்டே போனால் மூக்குதான் பெரிதாகத் தெரியும். ஐந்தாறு அடி தள்ளியிருந்து கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். பிளாஷ் கூடவே கூடாது. காலை 7 மணி வாசற்படி வெளிச்சம் போதும். கருப்பு நாய் என்றால் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். கருப்பை நான் டியூபிலிருந்து அப்படியே பூசுவதில்லை. அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பையும் கலக்கிறேன். முதுகில் எங்கே நீலம் ஓடுகிறது, எங்கே பழுப்பு என்று போட்டோ சொன்னால்தான் ஆச்சு. அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சும்மா அனுப்பினால் வாட்ஸ்அப் பாதியைத் தின்றுவிடும்.

மணிக்கு வருவோம். வீட்டில் எல்லார் போனையும் துழாவச் சொன்னேன். பையன் போனில் ஒரு வீடியோ இருந்தது. காசிமேட்டு மீன் கவரைப் பார்த்துத் தலையைச் சாய்க்கிறது மணி. வலது கண்ணில் லேசாகப் புகை படிந்த மாதிரி வெண்மை. அந்தக் குரூப் போட்டோவில் இது எங்கே தெரியும்? ஆயில் காய வேண்டும், 16க்கு முடியாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வைக்க ஒரு பென்சில் ஸ்கெட்ச் கொடுத்தனுப்பினேன், அந்த வெண்மையோடு.