முகாமுக்குப் பிறகு ஏறிய ரத்த அளவை நம்பலாமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அறக்கட்டளைகளுக்குப் பஞ்சமில்லை. மாலை நேர டியூஷன், ஸ்மார்ட் போர்டு, மாணவிகளுக்கு ரத்தசோகை முகாம் என்று பள்ளிகளுக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. ஆண்டறிக்கையில் 'திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின்' என்று ஒரு படமும் வரும். அந்தப் படத்தை நம்பி அடுத்த ஆண்டும் காசோலை எழுதுவதில்தான் சிக்கல்.

ரத்தசோகை முகாமையே எடுத்துக்கொள்வோம். 12 முதல் 14 வயதுப் பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. முகாமில் அப்படி வந்தவர்களை மட்டும் தனியே எடுத்துச் சத்துமாவு உருண்டை கொடுக்கிறோம். விரலில் குத்தி எடுக்கும் அளவு குத்துக்குக் குத்து சற்று மாறும். உண்மையில் 12.2 உள்ள பெண்ணுக்கு அன்று 11.6 காட்டினால் அவள் பட்டியலுக்குள் வந்துவிடுவாள், 11.8 உள்ளவளுக்கு 12.3 காட்டினால் வெளியே போய்விடுவாள். இப்படிக் குறைத்துக் காட்டியவர்கள் உள்ளேயும் கூட்டிக் காட்டியவர்கள் வெளியேயும் போய்விடுவதால், மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால், உருண்டை தின்றாலும் தின்னாவிட்டாலும், பட்டியலில் உள்ளவர்களின் சராசரி ஏறத்தான் செய்யும். போதாததற்கு, அரசு தரும் குடற்புழு மாத்திரையும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் அதே பிள்ளைகளுக்குப் போகின்றன. இதில் உருண்டையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே மாதிரி தேர்ந்தெடுத்து, உருண்டை மட்டும் கொடுக்காத இன்னொரு கூட்டம் இருந்தால் சொல்லலாம். எந்தக் கூட்டத்தில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். 'விருப்பமுள்ள பள்ளிகள் வரட்டும்' என்றால் துடிப்பான தலைமையாசிரியர் உள்ள பள்ளிகள்தான் முந்தி வரும். பிறகு பலன் உருண்டையுடையதா, அவருடையதா? சமவாய்ப்புக் கட்டுப்பாட்டு ஆய்வு என்பதன் உயிர்நாடி இந்தக் குலுக்கல்தான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் நோயாளிகளை இப்படித்தான் வீட்டுக்கும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனைக்கும் பிரித்தார்கள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் அதே அளவு குணமானார்கள். காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றிய முடிவு அது.

பள்ளியில் குலுக்க வேண்டியது பிள்ளைகளை அல்ல, பள்ளிகளை. ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு உருண்டை கொடுத்தால் மதியத்துக்குள் அது பங்கு போடப்பட்டுவிடும். ஆனால் பள்ளியைக் குலுக்கினால் கணக்கு மாறுகிறது. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், மதிப்பெண்ணில் இது இன்னும் அதிகம். இந்த ஒற்றுமையின் அளவு 0.2 என்று வையுங்கள் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் பள்ளிக்குள் எல்லோரும் ஒரே மாதிரி). 20 பள்ளியில் 40 பேர் வீதம் 800 பிள்ளைகளைச் சோதித்தால், தனித்தனியே குலுக்கிய 91 பேரைச் சோதித்ததற்குத்தான் சமம். அதே 800 பேரை 40 பள்ளியில் 20 பேர் வீதம் எடுத்தால் 167 பேருக்குச் சமம். பணம் இருந்தால் பிள்ளைகளைக் கூட்டாதீர்கள், பள்ளிகளைக் கூட்டுங்கள். கண்டனூரும் புதுவயலும் கல்லலும் சேரட்டும்.

ஆய்வுக்கு அள்ளிக் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் தந்ததால்தான் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. ஆனால் இன்று திட்டத்துக்குக் கிடைக்கும் பணம் அளவீட்டுக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் காலம் தப்பித்தான். நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான சி.எஸ்.ஆர். விதியே அப்படி: பெரிய நிறுவனங்கள் 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ ஆகும் திட்டங்களின் தாக்கத்தை மதிப்பிட வேண்டும், அதுவும் திட்டம் முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு. அப்போது போய்க் குலுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே அளவீட்டுப் பணத்தை முதல் நாளே தனியாக ஒதுக்குங்கள். திட்டத்தை நடத்துபவரே அளக்கவும் கூடாது. 'முடிவு எதுவானாலும் வெளியிடப்படும், அறக்கட்டளையின் அனுமதி தேவையில்லை' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மருத்துவ ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் வேண்டும்.

'பாதிப் பிள்ளைகளை விட்டுவிடுவதா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலும் முதல் ஆண்டில் எல்லாப் பள்ளிக்கும் பணம் இருக்காது. யாருக்கு முதலில் என்பதைச் சிபாரிசுக்குப் பதில் சீட்டு முடிவு செய்கிறது, மற்றவர்களுக்கு அடுத்த ஆண்டு. ஆனால் 8 கிராமுக்குக் கீழே வந்த பெண் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்பட வேண்டும்.

முதல் அளவை எடுத்து முடித்துப் பட்டியலில் கையெழுத்தான பிறகே, தலைமையாசிரியர்கள் முன்னிலையில் குலுக்குங்கள். கடைசி அளவின்போது பள்ளி மாறிப்போன பிள்ளையையும் தேடிப் பிடியுங்கள். அதற்கான பஸ் காசும் ஆள் கூலியும் பட்ஜெட்டில் இல்லையென்றால், பள்ளியிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளின் கணக்குதான் கையில் வரும்.